579 முடிந்து 580 நடக்கிறது

இருபத்துநாலு மலேரியா ஒட்டுண்ணி மாதிரிகள். இருபத்துநாலிலும் 580-வது இடத்தில், மருந்துக்கு அடங்காததைக் காட்டும் மாற்றம் என்று திரையில் வந்தது. தெருவில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மடிக்கணினியில் பேட்டரி கொஞ்சம்தான் மிச்சம். நான் எழுதிய நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடிந்திருந்தது. கை நடுங்கிவிட்டது.

யாங்கோனில் ஒரு ஆய்வகத்தில் மலேரியா ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பது என் வேலை. ஆறு வருஷமாகப் பிப்பெட்டும் கையுமாக இருக்கிறேன். டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் ஓட்டி, ஜெல்லில் பட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, வரிசைப்படுத்த அனுப்புவதோடு என் பங்கு முடிந்துவிடும். எழுத்துகளாகத் திரும்பி வரும் கோப்பை வேறு யாராவது படித்து முடிவு சொல்வார்கள். அதை நானே படிக்க வேண்டும் என்று தோன்றியது சித்தப்பாவால்தான். மோன் மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் அவருக்கு மூன்று தடவை மலேரியா வந்தது. "நீ பாக்குற பூச்சி மருந்துக்கு அடங்குமா அடங்காதா?" என்று ஒருநாள் கேட்டார். என் கையால் எடுத்த மாதிரிகள்தான், ஆனால் என்னிடம் பதில் இல்லை. அது எனக்கு ரொம்ப உறுத்தியது.

ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை மலேரியாவுக்கு இன்று முதலில் கொடுப்பது ஆர்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து. ஆர்டிமிசினினுக்கு ஒட்டுண்ணி அடங்க மறுப்பது 2008-ல் மேற்குக் கம்போடியாவிலிருந்து முதலில் வெளியே தெரிந்தது. எந்த மரபணு என்பது 2014-ல் வெளிவந்தது: 13-வது குரோமோசோமில் உள்ள கே13. அதன் புரதத்தில் 726 அமினோ அமிலங்கள். 580-வதாக நிற்கும் சிஸ்டீன் டைரோசினாக மாறிவிட்டால், மருந்து கொடுத்தும் ஒட்டுண்ணி ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் மறையும். வட மியான்மரில் அதிகம் தென்படுவது 446-வது இடத்து மாற்றம்.

பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்க ஆரம்பித்தபோது, இடைவெளியே இல்லாத எழுத்து வரிசையைப் பார்த்து நான் மிரளவில்லை. பள்ளிக்கூடத்தில் பர்மியில் படித்தவள் நான். பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை. எங்கே வெட்டிப் படிக்க வேண்டும் என்று கண் தானாகப் பழகிவிடும். தமிழ் எழுத்து கோயில் மாலை வகுப்பில் கற்றது; அங்கேதான் சொல்லுக்கு நடுவே காற்று கிடைத்தது. டிஎன்ஏ பர்மியைப் போல. மூன்று எழுத்து ஒரு அமினோ அமிலம் என்று மூன்று மூன்றாக வெட்ட வேண்டும், ஆரம்பம் ஒரு எழுத்து தள்ளினாலும் எல்லாம் பொருளற்றுப் போகும்.

முதல் நிரலில் எழுத்துகளை எண்ண மட்டும் சொன்னேன். பிளாஸ்மோடிபி தளத்தில் இந்த ஒட்டுண்ணியின் மரபணுத்தொகை முழுவதும் கிடைக்கிறது. 2002-ல் வெளியான தொகை, 14 குரோமோசோம்கள், சுமார் 2.3 கோடி எழுத்துகள். ஏ-யும் டி-யும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் என்று விடை வந்தது. பிசிஆருக்குத் தேவையான பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டை வடிவமைக்கும்போது ஏ ஏ ஏ என்று நீண்டு கழுத்தறுப்பது இதுதான். கையால் பட்ட பாட்டை எண்ணாகப் பார்த்தபோது, நிரல் மேல் நம்பிக்கை வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். மேலதிகாரிக்குச் செய்தி அனுப்ப விரல் போய்விட்டது. நிறுத்தியது பிசிஆர் பழக்கம். எந்த ஓட்டத்திலும் விடை தெரிந்த மாதிரி ஒன்றும், டிஎன்ஏவே இல்லாத வெறும் தண்ணீர் ஒன்றும் வைக்காமல் நான் மூடியை மூடியதில்லை. நிரலுக்கு அப்படி எதையும் வைக்கவில்லையே என்று உறைத்தது. உலகம் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கும் 3டி7 வகையின் கே13 வரிசையை இருபத்தைந்தாவதாகக் கொடுத்தேன். அதில் 580-வது சிஸ்டீன்தான் என்று எனக்குத் தெரியும். அதையும் மாறியது என்றது நிரல்.

அப்பாடா என்று இருந்தது. தப்பு ஒட்டுண்ணியில் இல்லை, என்னிடம்.

580-ல் என்ன அமினோ அமிலம் என்று அச்சிடச் சொன்னால் வாலின் வந்தது. சிஸ்டீனுக்கு அடுத்து, 581-வதாக நிற்பதுதான் வாலின். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்று பாடத்தில் படித்திருந்தேன். தேர்வு வைத்தால் சரியாக எழுதியிருப்பேன். கரண்ட் இல்லாத நேரங்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டில் கட்டம் போட்டு எழுத்துகளுக்கு எண் கொடுத்துப் பழகினேனே, அங்கே 1, 2, 3 என்று போட்டிருந்தேன். கை அதையே பிடித்துக்கொண்டது.

மனதில் ஒட்ட வைத்தது அப்பத்தா. மறுநாள் வரன் விஷயமாக வந்தவர்கள் என் வயதைக் கேட்டார்கள். "இருபத்தெட்டு முடிஞ்சு இருபத்தொம்பது நடக்குது" என்றார். பைத்தான் சொல்வது முடிந்த கணக்கு, நான் கேட்டது நடப்புக் கணக்கு! 580-வது அமினோ அமிலம் வேண்டுமென்றால், 579 முடிந்த இடத்தில் நிற்க வேண்டும். ஒரே எண்ணை மாற்றி ஓட்டினேன். 3டி7-க்கு சிஸ்டீன் வந்தது. அன்றிலிருந்து என் ஒவ்வொரு நிரலின் முதல் வரியும் 3டி7-ஐப் படிப்பதுதான். சிஸ்டீன் வராவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். கணினி படித்த என் பக்கத்து வீட்டுத் தம்பி, "அக்கா, இதுக்குத்தான் நாங்க டெஸ்ட்னு பேர் வச்சிருக்கோம்" என்றான். நாங்கள் கன்ட்ரோல் என்போம்.

அடுத்து, மரபணுவைத் தனியாக எடுக்காமல் 13-வது குரோமோசோமிலிருந்து நேரடியாக வெட்டிப் பார்த்தேன். 17,24,817 முதல் 17,26,997 வரை, மொத்தம் 2181 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் 727. கடைசி மூன்று எழுத்து, புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் முற்றுப்புள்ளி, மீதி 726. கே13-க்கு நடுவில் இன்ட்ரான், அதாவது வெட்டி எறிய வேண்டிய இடைத்துண்டு, கிடையாது, ஆரம்பக்காரிக்கு அது பெரிய வரம். கணக்கு சரி, ஆனால் அமினோ அமிலங்களாக மொழிபெயர்த்தால் வழியெல்லாம் முற்றுப்புள்ளி. இரண்டு நாள் தவித்தேன். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் இந்த மரபணு எதிர் இழையில் எழுதப்பட்டிருக்கிறது: கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்து, ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று மாற்ற வேண்டும்.

இதே 580 மாற்றத்தைக் குரோமோசோம் கணக்கில் சொல்லும்போது 17,25,259-ல் சி டி-யாக மாறியது என்பார்கள். மரபணுவுக்குள்ளேயோ ஜி ஏ-யாகிறது. இரண்டும் ஒன்றுதானா? நோட்டில் கழித்துப் பார்த்தேன். 17,26,997-லிருந்து 17,25,259 போனால் 1738. 579-ஐ மூன்றால் பெருக்கினால் 1737. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது 580-ன் முதல் எழுத்து. 1738 நடு எழுத்து. சிஸ்டீனைக் குறிக்கும் டிஜிடி-யின் ஜி, சரியாக அங்கேதான். எழுந்துபோய் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

சித்தப்பாவிடம் போன ஞாயிறு பேசினேன். இந்த எழுத்து மாறியிருந்தால் பூச்சி மெதுவாகச் சாகும், கூடக் கொடுக்கும் இன்னொரு மருந்து வேலை செய்கிற வரை ஆள் குணமாகலாம், அந்த இரண்டாவது மருந்துக்கான மரபணுக்களை நான் இன்னும் படிக்கவில்லை என்றேன்.

"அதையும் படிச்சிட்டுச் சொல்லு" என்றார்.