தசைக்கு அடியில்

பிப்ரவரி 4, காரைக்குடி

இரண்டு காலுறைகளில் பொன்னி அரிசியை 250 மில்லி வீதம் அளந்து கட்டி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு காலை முழுக்க வீட்டு வேலை பார்த்தேன். மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் அளவு பார்க்க நிறையப் பேர் செய்வதுதான். வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, பெருக்கக் குனிந்தபோது ஒரு முடிச்சு அவிழ்ந்து ஆத்தங்குடிக் கல் பூராவும் அரிசி. நல்ல வேளை, ஆத்தா ஊரில் இல்லை. ஏன் இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்த பிறகு கண்ணாடியில் தெரிவது நானில்லை, அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பிப்ரவரி 11, மதுரை

நான் அளவையே பேச, டாக்டரம்மா இடத்தையே பேசினார். சிலிக்கோன் பையை மார்புச் சுரப்பிக்கும் தசைக்கும் நடுவில் வைக்கலாம், இல்லையென்றால் தசைக்கு அடியில். தசைக்கு மேல் என்றால் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். எனக்கும் அதுதான் ஆசை. மார்பின் மேல்பக்கத்தைக் கிள்ளி அளந்தார், 2 சென்டிமீட்டர் கூடத் தேறவில்லை. இவ்வளவு மெல்லிய இடத்தில் பையின் விளிம்பும் மடிப்பும் வெளியே தெரியும் என்றார். ஆகவே பையின் மேல்பாதி தசைக்கு அடியில், கீழ்ப்பாதி சுரப்பிக்கு அடியில். டூயல் பிளேன் என்கிறார்கள். பின்னாளில் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே எடுக்கவும் இது கொஞ்சம் வசதி. ஆனால் நெஞ்சுத் தசை இறுகும்போது மார்பும் சேர்ந்து இழுபடலாம் என்றார். அது எப்படி இருக்கும் என்று யோசிக்காமலே தலையாட்டிவிட்டேன்.

சொரசொரப்பான பை வேண்டாம், வழவழப்பானதே போதும் என்றும் முடிவானது. சொரசொரப்பானவற்றோடு ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தொடர்பு தெரிந்துதான் 2019இல் அதில் ஒரு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.

மார்ச் 2

முடிந்தது. மார்புக்குக் கீழே இருக்கும் மடிப்பில் வெட்டு. நெஞ்சில் யாரோ ஆட்டுக்கல்லை வைத்துவிட்டு மறந்து போன மாதிரி இருக்கிறது.

மார்ச் 7

எங்கள் வீட்டு வாசல் கதவு பர்மா தேக்கு. பழக்கதோஷத்தில் வலது கையால் தள்ளினேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்காதே, தள்ளாதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், செட்டிநாட்டுக் கதவைப் பற்றி அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது! ஆத்தாவிடம் ‘சின்னக் கட்டி, எடுத்தாச்சு’ என்று சொல்லிவைத்தேன். அவள் உடனே பிள்ளையார்பட்டிக்கு 11 சிதறுகாய் நேர்ந்துகொண்டுவிட்டாள். வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 20

முதல் சில வாரம் மேலே ஏறி, கழுத்தெலும்பைப் பார்த்து முட்டிக்கொண்டு நின்ற பைகள் இப்போது இறங்கிவிட்டன. தசை தளரத் தளரத்தான் இறங்குமாம். இடது காம்பில் இன்னும் மரமரப்பு இருக்கிறது. எந்தப் பையைச் சுற்றியும் உடம்பு மெல்லிய தழும்புச் சவ்வு ஒன்றைக் கட்டும், சிலருக்கு அது தடித்து இறுகி மார்பே கல்லாகிவிடும், மறுபடி ஆபரேஷன்தான். அழுத்திப் பார்த்துவிட்டு மெத்தென்று இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆனால் இது ஆயுசுக்கும் தாங்கும் சமாச்சாரமில்லை. ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று, உள்ளே சத்தமில்லாமல் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க. செலவுக் கணக்கில் இதை நான் எழுதவே இல்லை.

ஜூன் 16, பிள்ளையார்பட்டி

ஆத்தா விடவில்லை, நேர்த்திக்கடனுக்குக் கூட்டிப் போய்விட்டாள். கையை ஓங்கி முதல் காயைப் போட்டதும் ரவிக்கைக்குள் வலது பக்கம் அப்படியே வெளிப்புறமாக இழுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. வலி இல்லை, ஆனால் விசித்திரம், நம் உடம்பில் இன்னொருத்தி அசைகிற மாதிரி. டாக்டரம்மா சொன்னது இதைத்தான். இரண்டாவது காய், மூன்றாவது காய். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“என்னத்தா, கட்டி எடுத்த எடம் வலிக்குதா?”

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் கூடையை வாங்கிக்கொண்டு மிச்ச எட்டையும் ஆத்தாவே உடைத்துவிட்டாள்.