ஒரே வெள்ளிக்கிழமைக்கு இரண்டு விடியல்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எங்கும் இறங்காமல் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பறக்கிறது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். இப்போதைக்கு உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவை இதுதான். ரொம்ப நாள் ஆசை, ஒரு ஜூன் மாதம் நிறைவேறியது.

இந்தத் தூரத்தை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74-இல். கூட்டினால் 178, அதாவது ஏறக்குறைய நேர் எதிர்ப்புறம். அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும். அட்சரேகைகள் 1.4, 40.6. இரண்டையும் கூட்டி 180-இல் கழித்தால் 138 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்குங்கள், தூரம் கையில் வந்துவிடும். கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். கடிகார முள்ளைத் திருப்பவே வேண்டாம்.

ஆனால் எங்கள் விமானம் துருவத்தின் பக்கம் போகவில்லை. நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக் கடல்மேல் கிழக்கே திரும்பியது. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளும். சுற்றிப் போனாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரையில் வேகம் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது தூக்கமே போய்விட்டது.

இது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கான ரகம். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருப்பதால் இருக்கைகள் 161 மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. டிக்கெட் விலையும் அதற்கேற்பத்தான். 2004-இல் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தில் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்குக்கு இப்படி நேராகப் பறந்தார்கள். எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தி, இந்த இரட்டை எஞ்சின் விமானம் வந்ததும் 2018-இல் மறுபடி தொடங்கினார்கள்.

ஜப்பான் பக்கம் வெள்ளிக்கிழமை விடிந்தது. பசிபிக் நடுவே தேதி மாறும் கற்பனைக் கோடான தேதிக்கோட்டைத் தாண்டியதும் வியாழக்கிழமைக்குள் வந்துவிட்டோம். வட அமெரிக்கா நெருங்கும்போது அந்த வியாழனின் சூரியன் இறங்கியது. குட்டி இரவு ஒன்று, அப்புறம் ஜன்னல் விளிம்பில் மறுபடியும் ஆரஞ்சுக் கோடு. மகளின் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து இருக்கை அம்மா கேட்டார்: "தம்பி, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமைம்மா."

"அது அப்பவே விடிஞ்சுதே?"

திரையில் இருந்த வரைபடத்தில் தேதிக்கோட்டைக் காட்டி விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து இன்னொரு முறை பூசிக்கொண்டார்.

காலை ஏழு மணிக்கு இறங்கினோம். திரும்பும்போதும் காற்றை நம்பிக் கிழக்கேதான் பறந்தோம்: அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக. போக வர ஒரே டிக்கெட்டில் பூமியை முழுசாகச் சுற்றி வந்தாயிற்று!