தம்பியின் தாடை: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3

மஞ்சக்குப்பத்துப் பல் மருத்துவர் தம்பியின் முழுத்தாடை எக்ஸ்ரேயைக் காட்டினார். முளைக்காமல் படுத்திருக்கும் வலப்பக்கக் கீழ் ஞானப்பல்லைச் சுற்றித் தொடங்கிய கருமை, காதை நோக்கி ஏறும் எலும்புவரை பரவியிருக்கிறது. கன்னம் வீங்கவில்லை, வலியும் இல்லை. புதுச்சேரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஜூன் 5

முளைக்காத பல்லின் தலையைச் சூழ்ந்து உருவாகும் சாதாரண நீர்க்கட்டி, உள்ளே கெரட்டின் என்னும் புரதம் வெண்குழைவாய் நிறைந்திருக்கும் கெரட்டோசிஸ்ட், பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து எழும் கட்டியான அமிலோபிளாஸ்டோமா ஆகிய மூன்றும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலவே தெரியக்கூடும் என்றும், வெளியே புடைக்காமல் எலும்பின் நெடுக்கே வளர்வது கெரட்டோசிஸ்டின் இயல்பு என்றும் அறுவை மருத்துவர் நிதானமாக விளக்கினார். பிறகு மரக்கச் செய்து ஊசியால் உறிஞ்சினார். சாதாரண நீர்க்கட்டிக்குரிய, வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வர வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருந்தேன். வந்தது வெண்ணிறக் குழைவு. கட்டியின் உறையிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப ஃபார்மலின் புட்டியில் இட்டார்கள்.

ஜூன் 6

அந்த வெண்குழைவு கண்ணை விட்டு அகலவில்லை.

ஜூன் 9

"புற்றா என்று மட்டும் கேட்டுச் சொல்லடி" என்கிறார் அம்மா. முடிவு இன்னும் வரவில்லை.

ஜூன் 12

கெரட்டோசிஸ்ட். புற்று இல்லை. அம்மா அழுதுவிட்டு விளக்கேற்றினார். எனக்கோ நிம்மதி பாதிதான் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதைக் கட்டிகளின் வரிசையில் சேர்த்து, 2017-இல் மீண்டும் நீர்க்கட்டியாகவே வகைப்படுத்தியது என்று படித்தேன். வல்லுநர்களையே இப்படி இருபுறமும் இழுத்த ஒன்று என் தம்பியின் எலும்புக்குள் சத்தமின்றி வளர்ந்திருக்கிறது.

ஜூன் 14

சிகிச்சைக்கு இரண்டு வழிகள், எதைத் தேர்வது என்று இரவு முழுவதும் யோசனை. கட்டியில் ஒரு வாசல் திறந்து, குழாய் பொருத்தி, நாள்தோறும் கழுவிவந்தால், உள்ளழுத்தம் குறைந்து அது மெல்லச் சுருங்கும். சுற்றிலும் எலும்பு வளரும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கும் ஆபத்து குறையும். ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகும். 1892-இல் பார்ட்ஷ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்த வழி இன்றும் நிற்கிறது என்பதே அதன்மேல் எனக்கு மதிப்பைக் கூட்டுகிறது. ஒரேயடியாகச் சுரண்டி எடுப்பதில் சிக்கல் என்னவென்றால், உறை மிக மெல்லியது. கிழிந்து ஒரு துளி ஒட்டியிருந்தாலும், அருகில் குட்டிக்கட்டி ஒன்று தங்கிவிட்டாலும், திரும்பவும் வளரும். அதனால்தான் உறையை எடுத்தபின் சுற்றியுள்ள எலும்பையும் ஒரு படலம் தேய்த்தெடுக்கிறார்கள். தம்பி ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்கிறான். ஓசூரில் வேலை காத்திருக்கிறது.

ஜூன் 23

காலையில் உள்ளே அழைத்துச் சென்றார்கள். ஞானப்பல்லோடு உறையும் வந்துவிட்டது. ஓரிடத்தில் நரம்பின்மேல் ஒட்டியிருந்ததைப் பிரித்தெடுக்க நேரமானதாம். முழு உறையையும் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டியிருந்த அந்த இடம் சுத்தமாக வந்ததா?

ஜூன் 24

கீழுதட்டின் வலப்பாதி மரத்திருக்கிறது. கஞ்சி வழிவதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

ஜூன் 27

உதட்டோரத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம். நரம்பு விழிப்பதன் அறிகுறியாக இருக்கலாம் என்றார் மருத்துவர். இன்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஜூன் 30

தையல் பிரித்தார்கள். முழு உறையின் முடிவும் அதே பெயரைத்தான் சொல்கிறது. பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பும், அதன் பின்னும் வரலாம் என்பதால், எக்ஸ்ரே பார்ப்பதை நிறுத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அடுத்தது டிசம்பரில். ஓசூரில் எடுத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படங்கள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு அவன் பெட்டியில் வைத்திருக்கிறேன்.