லண்டன் ஓ/எல் எழுதப்போகிறவர்களே, ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்

பெறுபேறு வந்து ஒரு கிழமை ஆகவில்லை, வீட்டில் போன் ஓயவில்லை. உப்புவெளியில் இருக்கும் பெரியம்மா "எத்தனை ஏ?" என்று கேட்கிறா. பிரித்தானியாவின் எடெக்செல் சபை நடத்தும் லண்டன் ஓ/எல்லில் (இன்டர்நேஷனல் ஜிசிஎஸ்இ) இப்போது ஏ, பி இல்லை, 9 முதல் 1 வரைதான், எனக்கு உயிரியலில் 9 என்றேன். "ஓ, 9ஏயா!" என்றா, உள்ளூர் ஓ/எல்லில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுப்பது போல நினைத்து. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தவணை ரிப்போர்ட்டில் உயிரியல் 80க்குக் கீழே இறங்கியதே இல்லை. ஆனால் அதில் பாதி கொப்பிக்கும் ஒப்படைக்கும் போட்ட புள்ளி. மொக் (முன்னோடிப் பரீட்சை) விடைத்தாளை எடெக்செலின் புள்ளித்திட்டத்தை வைத்து நானே திருத்திப் பார்த்தேன், 60கூட வரவில்லை. பெற்றோர் சந்திப்பில் அம்மா கேட்டதற்கு "பிள்ளை நல்லாத்தான் படிக்கிறா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

ஆகவே ரிப்போர்ட்டை அலுமாரியில் வையுங்கள். விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள், தரமாட்டோம் என்றால் போட்டோவாவது எடுங்கள். பிறகு சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து, உங்கள் விடையை வேறு யாரோ எழுதியது என்று நினைத்துத் திருத்துங்கள்.

உயிரியலில் வரும் பரிசோதனை திட்டமிடும் 6 புள்ளிக் கேள்வியை எடுங்கள். வெப்பநிலை விதை முளைப்பதைப் பாதிக்குமா என்று கேட்டால் நான் அரைப் பக்கம் கதை எழுதுவேன், 2 புள்ளி விழும். திட்டத்தில் இருப்பது இவ்வளவுதான்: வெவ்வேறு வெப்பநிலைகள், ஒரே இன விதை, திரும்பச் செய்தல், எதை அளப்பது, எத்தனை நாளுக்குப் பிறகு, மாறாமல் வைக்கும் இரண்டு (தண்ணீர், வெளிச்சம்). இதைத்தான் கோர்ம்ஸ் (CORMS: Change, Organism, Repeat, Measure, Same என்பவற்றின் முதலெழுத்துகள்) என்பார்கள். ஒன்றுக்கு ஒரு வரி எழுதினால் போதும். இரசாயனத்திலும் இதே கதைதான். என்ன அவதானிப்பீர் என்ற கேள்விக்குக் "குமிழி வரும்" என்றால்தான் புள்ளி. "வாயு வெளிவரும்" என்றால் இல்லை, நிறமில்லாத வாயுவைக் கண்ணால் பார்க்க முடியாதே.

மற்றவை:

- கணிதத்தில் செய்கையைத் தெளிவாகக் காட்டு என்று இருந்தால், கல்குலேட்டர் விடையை மட்டும் எழுதிப் பயனில்லை.
- கணிதத்தில் பவுண்டேஷன் என்ற இலகு வினாத்தாளில் 5க்கு மேல் கிடைக்காது. தவணைப் புள்ளியை வைத்து அதில் போட்டால், பதிவுக்கு முன்பே போய்ப் பேசுங்கள்.
- விஞ்ஞானத்தில் 2019க்கு முந்திய பேப்பர்கள் பழைய பாடத்திட்டம். அவற்றைக் கடைசிக்கு வையுங்கள். ஆர் என்று முடியும் பேப்பர்களை (1BR போல, வேறு பிராந்தியங்களுக்கானவை) விடாதீர்கள்.
- 9க்கு 90 வேண்டும் என்பது கட்டுக்கதை. ஒரு தரத்துக்குத் தேவையான எல்லைப் புள்ளி ஒவ்வொரு பரீட்சைக்கும் மாறும்.
- குழுப்படிப்பு எனக்குச் சரிவராது. நாலு பேர் சேர்ந்தால் டச்பே கடற்கரைக்குப் போகத்தான் திட்டம் போடுவோம்.

ரியூஷனைப் பற்றிக் கேட்பீர்கள். திருகோணமலையில் உள்ளூர் ஓ/எல்லுக்கு ஆள் பிடிப்பது போல எடெக்செலுக்குப் பிடிக்க முடியாது. நான் கொழும்பு ஆசிரியரிடம் சூமில் படித்தேன், கணிதத்துக்கு மட்டும். மே, ஜூனில் கச்சான் வெப்பக்காற்று வீசும்போது பகலில் புத்தகம் பிடிக்கவே முடியாது. விடிய எழும்பிப் படியுங்கள்.

எல்லைக்கு ஒன்றிரண்டு புள்ளி குறைந்தவர்கள் மீள்திருத்தத்துக்குப் பாடசாலை ஊடாக உடனே விண்ணப்பியுங்கள், கடைசித் திகதி கெதியில் வந்துவிடும். ஆனால் புள்ளி குறையவும் கூடும், அதைத் தெரிந்துகொண்டே காசைக் கட்டுங்கள்.