கொல்சோஸ் மலையில் ஏறாதீர்கள், தள்ளி நின்று பாருங்கள்

நார்வேயின் கொல்சோஸ் மலைக்குப் போகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, மெட்ரோ பிடித்து நேரே அடிவாரத்தில் போய் இறங்குவது. அங்கே அண்ணாந்து பார்த்தால் பாறையும் மரங்களும்தான். பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே 1895 குளிர்காலத்தில் 13 தடவை வரைந்த மலை, தெற்கே சாண்ட்விகா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்துதான் முழுசாகத் தெரியும். உயரம் வெறும் 379 மீட்டர். ஆனால் பனி மூடியதும் என்ன கம்பீரம்! இதைப் பார்த்தால் ஃபியூஜி மலை ஞாபகம் வருகிறது என்று மோனே கடிதம் எழுதியதில் ஆச்சரியமே இல்லை.

தலைநகர் ஒஸ்லோவிலிருந்து சாண்ட்விகாவுக்கு ரயிலில் கால் மணி நேரம், அவ்வளவுதான். நகரத்துக்கான ஒரு மண்டல டிக்கெட் மட்டும் சாண்ட்விகாவுக்குச் செல்லாது, இரண்டு மண்டலம் எடுக்க வேண்டும். அபராதம் கட்டினால் அன்றைய சாப்பாட்டுக் காசு போச்சு. சாப்பாடும் அங்கே கொள்ளை விலை. சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 13, 14 டிகிரி உயரம்தான். அப்போது வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து விழுவதால் மலை தட்டையாகிவிடும். மூன்று மணிக்குமேல் பாருங்கள். சாய்வெயில் பட்ட பனி ரோஜா நிறமாகிறது. வெயில் படாத மடிப்புகளுக்கு வானத்து வெளிச்சம் மட்டும்தான், அதனால் அங்கே பனி நீலம். செங்குத்துப் பாறையில் பனி தங்காது, அந்த இடம் ஊதா. மோனே கற்பனையாக எதையும் பூசவில்லை, கண்ணில் பட்டதைத்தான் வைத்திருக்கிறார்.

இந்த நிறங்களை கேமரா கெடுத்துவிடும். ஆட்டோ மோடில் விட்டால் பனி சாம்பலாக வரும், நீலமும் காணாமல் போகும். நிறத்தைத் தீர்மானிக்கிற வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 'பகல் வெளிச்ச'த்தில் வையுங்கள், படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, கூட்டுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் வைத்தால் தாங்கும்.

கோடையில் போகவே போகாதீர்கள். பச்சைக் குன்று ஒன்று நிற்கும், அவ்வளவுதான்.

பாரிஸ் வழியாகத் திரும்பினால் ஓர்சே அருங்காட்சியகத்தில் மோனேயின் இந்த மலை வரிசையின் ஓவியம் ஒன்று இருக்கிறது. திங்கள் விடுமுறை. வியாழன் இரவு 9.45 வரை திறந்திருக்கும். ஓவியம் சுமார் ஒரு மீட்டர் அகலம். கிட்டே போனால் பனியில் சுத்த வெள்ளையைத் தேட வேண்டியிருக்கும். ரோஜாவும் நீலமுமாகத் தூரிகைத் தீற்றல்கள், மலைச்சரிவு இறங்குகிற போக்கிலேயே இறங்குகின்றன. நாலு எட்டு பின்னால் வாருங்கள், அது பனி! எல்லா நாளும் மாட்டியிருக்க மாட்டார்கள், இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.