சப்வூஃபர் ஒன்றா இரண்டா? அதைப் பொறுத்துத்தான் ஓம்

காருக்கு சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) வாங்கும்போது எல்லோரும் வாட்டைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆம்ப்பின் (ஸ்பீக்கருக்குப் பவர் தரும் ஆம்ப்ளிஃபையர்) ஓம் கணக்கு. ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. ஒரே சேனல் உள்ள மோனோ ஆம்ப்பில் "2 ஓமில் 500 வாட்" என்று போட்டிருந்தால், அந்த 500 கிடைப்பது 2 ஓம் லோடில் (ஆம்ப்பில் மாட்டும் ஸ்பீக்கர்களின் மொத்த ஓம்) மட்டும். 4 ஓம் கொடுத்தால் ஏறக்குறைய பாதிதான் வரும். அது தாங்கும் ஓமுக்குக் கீழே போனால் கரண்ட் எகிறி, புரொட்டெக்ட் லைட் எரியும். அதுவும் கைகொடுக்காவிட்டால் உள்ளே ட்ரான்சிஸ்டர் போகும்.

டூயல் வாய்ஸ் காயில் சப்பில் இரண்டு காயில் (ஸ்பீக்கரின் கூம்பான கோனை அசைக்கும் கம்பிச்சுருள்), நான்கு டெர்மினல். டூயல் 4 என்றால், அதாவது காயிலுக்கு 4 ஓம் என்றால், சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) 8 ஓம், பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) 2 ஓம். டூயல் 2 என்றால் சீரீஸில் 4, பேரலலில் 1. இதுவரை குழப்பமில்லை. பின்னால் இன்னொரு சப் சேர்க்கும்போதுதான் சிக்கல். 2 ஓம் ஆம்ப்பில் ஒரு டூயல் 4 சப் பேரலலில் அழகாக ஓடும். அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வந்தால், நான்கு காயிலுக்கும் வாட் சமமாகப் போகும்படி எப்படி மாற்றி இணைத்தாலும் 1, 4, 16 ஓம்தான் வரும். 2 வரவே வராது. அந்த ஆம்ப்புக்கு இரண்டு சப் வேண்டுமானால் டூயல் 2 வாங்க வேண்டும்: ஒவ்வொன்றையும் உள்ளுக்குள் சீரீஸ் செய்தால் 4, இரண்டையும் பேரலல் செய்தால் 2. 1 ஓம் ஆம்ப்புக்கு இது அப்படியே தலைகீழ்: ஒரு சப் என்றால் டூயல் 2, இரண்டு என்றால் டூயல் 4.

மோனோ ஆம்ப்பில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் டெர்மினல் இருப்பதைப் பார்த்து இரண்டு சேனல் என்று நினைப்பவர்கள் ஏராளம். பெரும்பாலான ஆம்ப்களில் அவை உள்ளேயே பேரலல். ஆளுக்கொன்றாக இரண்டு 2 ஓம் சப் மாட்டினால் ஆம்ப் பார்ப்பது 1 ஓம். இரண்டு சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே லோடுக்குக் கொடுத்தால்) ஒவ்வொரு சேனலும் லோடில் பாதியைத்தான் பார்க்கும்; சேனலுக்கு 2 ஓம் தாங்கும் ஆம்ப்புக்கு பிரிட்ஜில் 4 ஓமுக்குக் குறையக் கூடாது.

ஒரு காயிலை மட்டும் இணைத்துவிட்டு இன்னொன்றைச் சும்மா விடுவதும் வேண்டாம். தாங்கும் வாட் பாதியாகும், கோனின் கட்டுப்பாடும் மாறும்.

மோசமான தப்பு, ஒரு காயிலின் பிளஸ் மைனஸ் மாறுவது. மீட்டரில் ஓம் சரியாகவே காட்டும், ஆனால் இரண்டு காயிலும் எதிரெதிராக இழுப்பதால் கோன் அசையாது, காயில் மட்டும் சூடாகும். 1.5 வோல்ட் பேட்டரி செல் போதும் கண்டுபிடிக்க. ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றி, முனைகளை ஒரு நொடி செல்லில் தொடுங்கள். பிளஸுக்கு பிளஸ் பட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். இரண்டு சப் இருந்தால் இரண்டும் சேர்ந்து தள்ள வேண்டும்.

அதே முனைகளில் மல்டிமீட்டரையும் வையுங்கள். முதலில் இரண்டு புரோபையும் ஒட்டவைத்து வரும் 0.3 மாதிரியான எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். 4 ஓம் லோட் 3.2 முதல் 3.8 வரை காட்டும், 2 ஓம் 1.6 முதல் 1.9 வரை. எண் குறைவாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். மீட்டர் அளப்பது டிசி ரெசிஸ்டன்ஸ்; சப்பில் போட்டிருப்பது பாட்டு ஓடும்போதான ஓம், அதைவிட இது சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். 2 வர வேண்டிய இடத்தில் 0.8 காட்டினால் மட்டும் ஒயரை ஆம்ப்பில் மாட்டாதீர்கள்.