எஃப்எக்ஸ்-3600பி: பசை எந்தப் பக்கம்?

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குப் பெரியப்பாவின் பழைய கால்குலேட்டரில், கேசியோ எஃப்எக்ஸ்-3600பி-யில், ஒரு பூஜ்யம் தெளிவாகத் தெரிந்தது. வெளிர்சாம்பல் பின்னணியில் கறுப்பாக, ஓரம் சிதையாமல் ஒரு பூஜ்யம். மூன்று வாரம், வீணாய்ப் போன இரண்டு பிலிம் துண்டுகள், அதற்கப்புறம் இது. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

இந்த மாடல் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் இதன் பின்னால் அலைந்தேன் என்பது புரியும். 38 ஸ்டெப் புரோகிராம், கே1 முதல் கே6 வரை நினைவகம், சிம்ப்சன் விதியில் இன்டக்ரேஷன். இவ்வளவும் சட்டைப் பையில் அடங்கும் ஒரு மெல்லிய பெட்டிக்குள். நான் கல்லூரியில் கேசியோவின் 991எம்எஸ் தட்டியவன். அதில் 401 ஃபங்ஷன் உண்டு, ஆனால் புரோகிராம் எழுத முடியாது. புரோகிராம் வசதி உள்ளதைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள் என்பதால் எங்கள் வகுப்பில் யாரும் வேறு எதையும் வாங்கவே இல்லை. 3600பி-யை முதன்முதலில் பார்த்தது மேலூரில் பெரியப்பா வீட்டில்தான். அவர் பொதுப்பணித் துறையில் இருந்தவர், பெரியாறு பிரதானக் கால்வாயோடு பல வருடம் நடந்தவர். நான் மடக்கைக்குக் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டிக்கொண்டிருந்த வயதில், அவர் மூன்று எண்ணை அடித்துவிட்டு விடையைச் சொல்லிவிடுவார்.

அந்தப் பெட்டி பல வருடம் மாடி அறையில், இரும்பு பீரோவின் மேல் கிடந்தது. மேலூர் சித்திரை வெயிலில் அந்த அறை என்ன சூடு ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. கையில் வாங்கியபோது திரை முழுக்கப் பழுப்பேறி, கொப்புளம் கிளம்பி, உறையைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தது. வாடைக்குக் காரணம் இருக்கிறது. எல்சிடி கண்ணாடியின் முன்னும் பின்னும் போலரைசர் பிலிம் ஒட்டியிருக்கும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள் அது. அதில், அயோடின் ஏற்றிய ஒரு படலத்தின் இரண்டு பக்கமும் செல்லுலோஸ் ட்ரைஅசிடேட் தாள் இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தத் தாள் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். அதுதான் அந்த வினிகர் வாடை. எல்சிடி கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவே டிஸ்ப்ளே போய்விட்டது என்று இந்த மாதிரி மெஷினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு முன்பக்க பிலிம் மட்டும்தான் கெட்டிருந்தது, பின்பக்கம் நன்றாக இருந்தது.

உரிப்பது எளிது, பசையை எடுப்பதுதான் பாடு. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கிடைத்தது. டிஷ்யூவில் நனைத்து இருபது நிமிடம் கண்ணாடி மேல் போட்டுவிட்டு, பழைய ஏடிஎம் கார்டால் தள்ளினேன். வராத இடத்தில் பிளேடைக் கண்ணாடியோடு படுக்க வைத்து மெல்ல நகர்த்தினேன். ஓரத்து சீலில் திரவம் தேங்கக் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகக் கூடாது, பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். இரண்டு மாலை இதற்கே சரியாகப் போயிற்று.

பசை போன பிறகு பட்டன் செல்லைப் போட்டு ஆன் செய்தேன். கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. கையில் ஒரு பிலிம் துண்டை எடுத்து மேலே பிடித்ததும் பூஜ்யம் வந்து நின்றது. எடுத்தால் இல்லை, வைத்தால் இருக்கிறது. தியரி தெரிந்தவன்தான், இருந்தாலும் கால் மணி நேரம் வைத்து வைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன்.

இனி பிலிம் கதை. அண்ணா நகரில் ஒரு டிவி சர்வீஸ் கடையில் உடைந்த பேனலிலிருந்து உரித்து சும்மாவே கொடுத்தார்கள். நல்ல மனசு. அந்த பிலிமின் அச்சு, அதாவது அது ஒளியை விடும் திசை, எது என்று பார்க்க கருவி எதுவும் வேண்டாம். மொசைக் தரையில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்து பளபளக்கும் இடத்தை பிலிம் வழியாகப் பாருங்கள், பிலிமை மெல்லச் சுழற்றுங்கள். பளபளப்பு அணையும் நிலையில் பிலிமின் அச்சு செங்குத்தாக இருக்கிறது என்று அர்த்தம். எவர்சில்வர் தட்டில் முயலாதீர்கள், உலோகத்தில் இது சரியாக வராது. என்னிடம் வந்த துண்டில் அச்சு தாளின் ஓரத்துக்கு இணையாக ஓடியது. கால்குலேட்டர் திரைக்கோ 45 டிகிரி சாய்வில் வேண்டும். சரி, தாளைச் சாய்த்து வைத்து வெட்டினால் போதும்.

வெட்டினேன். மேலே பிடித்துப் பார்த்தேன், எண் பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஒட்டினேன். திரை முழுக்கக் கறுப்பு, அதற்குள் மங்கலாக வெளுத்த எண். தலைகீழ்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு இரவு ஆயிற்று. பிலிமில் ஒரு பக்கம்தான் பசை. பிடித்துப் பார்த்தபோது பசைப் பக்கம் என்னை நோக்கி இருந்தது. ஒட்டுவதற்காகத் திருப்பினேன், அந்தத் திருப்பல்தான் கெடுத்தது. ஒரு டிரேசிங் தாளில் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குக் கோடு போடுங்கள். தாளைப் புரட்டிப் போட்டால் கோடு வலது கீழிலிருந்து இடது மேலுக்குப் போகும். 45 என்பது 135 ஆகிவிட்டது, அதாவது சரியாக 90 டிகிரி மாறிவிட்டது, எனவே வெளுப்பும் கறுப்பும் இடம் மாறின. துண்டைத் தலைகீழாக 180 டிகிரி சுற்றினாலும் பயனில்லை, கோடு அதே கோடுதான். 90 சுற்றலாம் என்றால் திரை நீள்செவ்வகம், துண்டு பொருந்தாது. பசை எந்தப் பக்கம் என்பதை மார்க்கரில் எழுதிவிட்டு, பசை கண்ணாடியைப் பார்த்த நிலையில் பிடித்து, எண் சரியாகத் தெரியும்போது பிலிமின் மேலேயே செவ்வகத்தை வரைந்து, அதற்குப் பிறகே வெட்ட வேண்டும். இதை நான் படித்த எந்தக் குறிப்பிலும் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. 45 டிகிரி, 45 டிகிரி என்று மட்டும் சொல்கிறார்கள். எந்தப் பக்கத்து 45 என்று சொல்ல வேண்டாமா?

இரண்டாவது துண்டு வேறொரு பழைய மானிட்டரில் உரித்தது. இந்த முறை பக்கம் சரி, ஆனால் திரை மஞ்சளும் நீலமுமாகச் சாயம் பூசியது போல வந்தது. டிஎன் என்ற எல்சிடி வகை மானிட்டரின் பிலிமில் பார்வைக் கோணத்துக்காகக் கூடுதலாக ஒரு படலம் சேர்த்திருப்பார்கள், அது ஒளியைத் திரிக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று இதில் நேரத்தைப் போடாதீர்கள். அந்தக் கூடுதல் படலம் இல்லாத வெறும் லீனியர் போலரைசர் பிலிம், பசையோடு, ஆன்லைனில் ஒரு தாள் வாங்கினேன். ஒரு தாளில் பத்துப் பதினைந்து கால்குலேட்டருக்கு வரும்.

ஒட்டும்போது தூசிதான் எதிரி. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி தூசியோடு அடங்கிய பிறகு உள்ளே உட்கார்ந்து ஒட்டினேன். ஃபேன் இல்லை, நெற்றி வியர்வை கண்ணாடியில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டேன். மெஷினை ஆன் செய்தே வைத்திருந்ததால், ஓரத்திலிருந்து பிலிம் படியப் படிய எண் ஒவ்வொரு கோடாக எழுந்து வந்தது.

அடுத்த வேலையையும் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறேன். திருநகரில் ஒரு நண்பரின் அப்பாவிடம் எச்பி-25 கால்குலேட்டர் இருக்கிறது. அதற்கு பிலிம் வேண்டாம், சிவப்பு எல்இடி. 1975-இல் வந்தது, 49 ஸ்டெப். ஸ்லைடு ரூலை ஓரங்கட்டிய எச்பி-35 வந்து மூன்றே வருடத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். எச்பி-35 1972-இல் 395 டாலர். அன்றைக்கு அது சின்ன விலை இல்லை. அந்த எச்பி-25-இல் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, தொடும் முனைகள் பச்சை பூத்துக் கிடக்கின்றன. பேட்டரியை உள்ளே வைக்காமல் சார்ஜரை மட்டும் செருகினால் உள்ளிருக்கும் சிப் போய்விடும். அந்த வீட்டில் சார்ஜரைத் தனியே எடுத்து ஒளித்துவைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் ஓடினால் இரண்டிலும் அந்தப் பழைய சோதனையைப் போட வேண்டும்: டிகிரியில் 9-க்கு சைன், காஸ், டேன் எடுத்து, அதே வழியில் திரும்பி வருவது. மறுபடி 9 வர வேண்டும், ஆனால் ஒவ்வொரு மெஷினும் கொஞ்சம் விலகும். எச்பி-15சி-யில் 9.000417403 வரும். அந்தக் கடைசி இலக்கங்களை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம். கைரேகை மாதிரிதான்.

சரி, 3600பி-க்கு வருகிறேன். செல் செத்துப்போனதால் பெரியப்பா போட்டு வைத்த புரோகிராம் அழிந்துவிட்டது. ஆனால் உறையின் உள்மடிப்பில் ஒரு சீட்டு இருந்தது, நீல பால்பாயின்ட்டில் அவர் கையெழுத்து. மேனிங் சூத்திரம், கால்வாயில் நீர் ஓடும் வேகத்தைச் சொல்வது. நீரியல் ஆரத்தின் மூன்றில் இரண்டு அடுக்கு, சரிவின் வர்க்கமூலம், வகுத்தல் என் (n, கால்வாயின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்). எண்ணைக் கேட்டு வாங்கும் என்ட் கட்டளையை மூன்று இடத்தில் போட்டு, பதினைந்து ஸ்டெப்புக்குள் முடித்திருக்கிறார். புரோகிராம் ஏற்றும் மோடு 0 போட்டு அப்படியே ஏற்றினேன். ஆரம் 0.8 மீட்டர், சரிவு 5000-க்கு 1, என் 0.018. விநாடிக்கு 0.677 மீட்டர் வந்தது. போனில் சரிபார்த்தேன், அதேதான்.

இன்று காலை மேலூருக்கு போன் செய்து சொன்னேன். "ஓடுதா? அந்தச் சீட்டு இருந்துச்சா?" என்று கேட்டவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என் எவ்வளவுப்பா போட்ட?" என்றார். 0.018 என்றேன். "அது புதுசா பூசுன வாய்க்காலுக்கு. பாசி புடிச்சு, சிமென்ட் பேர்ந்ததுக்கு அப்புறம் அது பத்தாது. 0.022 போட்டுப் பாரு."

போட்டேன். 0.554. அந்த 0.022-ஐ அடிக்க நாலைந்து முறை அழுத்த வேண்டியிருந்தது, '2' பட்டனின் கார்பன் தேய்ந்திருக்கிறது. போர்டை ஐபிஏ-வில் துடைத்துப் பார்த்துவிட்டேன், போதவில்லை. அடுத்து கிராஃபைட் பெயின்ட். ஞாயிற்றுக்கிழமை மேலூர் போவதற்குள் அதை முடிக்க வேண்டும்.